முதலில் படுத்துப் பார்க்கிறவர்

அந்தப் பெட்டியை வாங்க வந்த அன்றுதான் அவரை முதலில் பார்த்தேன். காஞ்சிபுரம் ரயில்வே ரோட்டில் ஒரு கூரியர் ஆபீஸில் கவுண்டரில் உட்காருகிறவள் நான். எங்களிடமிருந்து வெளியூர் போவது பெரும்பாலும் பட்டுப்புடவைப் பெட்டிகள். உள்ளே வருவது செல்போன், செருப்பு, மிக்ஸி ஜார். நாலடி நீளத்தில், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனத்தில் ஒரு பெட்டி வந்தது அதுவே முதல் தடவை. டூவீலரில் டெலிவரிக்குப் போகிறவர் அதைப் பார்த்ததுமே கையை விரித்துவிட்டார். மேலே இருந்த எண்ணுக்குப் போன் செய்து, நேரில் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

அரை மணி நேரத்தில் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒட்ட வெட்டிய முடி, காக்கிப் பேன்ட், கணுக்கால் வரை மடித்துவிட்டிருந்தார். கையெழுத்துப் போட்டார். பெட்டியை எடுத்துக்கொண்டு போவார் என்று பார்த்தால், அங்கேயே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாவியால் டேப்பைக் கிழிக்க ஆரம்பித்தார்.

"இங்க பிரிக்கக் கூடாதுங்க" என்றேன்.

"அஞ்சு நிமிஷம்மா. சரியில்லன்னா திரும்ப இந்த கனத்த தூக்கிக்கினு வர முடியாது."

உள்ளே கறுப்பு இரும்புக் குழாய்கள். ஒன்றை ஒன்றில் செருகினால் ஒரு பட்டன் டக்கென்று வெளியே வந்து பூட்டிக்கொண்டது. கண்மூடித் திறப்பதற்குள் ஆபீஸின் நடுவில் இரண்டு பக்கமும் தூக்கிய படகு மாதிரி ஒரு சட்டம் நின்றது. இரண்டு முனைகளிலும் கொக்கி. அதில் கோடு போட்ட கான்வாஸ் துணியை மாட்டினார்.

"இன்னாதுங்க இது?"

"ஏணை."

குழந்தைக்குச் சேலையில் கட்டும் தூளியை எங்கள் பக்கம் ஏணை என்போம். இது பெரிய ஆள் படுக்கிற ஏணை. காரில் ஊர் சுற்றுகிறவர்கள் மரம் இல்லாத இடத்திலும் போட்டுப் படுப்பதற்காகச் செய்ததாம். பெட்டியின்மேல் மலை, ஏரி, தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் படமெல்லாம் இருந்தது.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அவர் ஏறிப் படுத்தார். சும்மா படுக்கவில்லை. இடுப்பைத் தூக்கித் தூக்கி மூன்று முறை போட்டார். எழுந்து ஒவ்வொரு பட்டனாக விரலால் அமுக்கிப் பார்த்தார். மறுபடி படுத்தார். புடவைப் பார்சலோடு வரிசையில் நின்ற ஜவுளிக்கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"சார், நீங்களும் வந்து உக்காருங்க. என் எடை பத்தாது" என்றார் இவர், படுத்தபடியே.

"நானா?"

"நூத்தி எம்பது கிலோ தாங்கும்னு எழுதியிருக்கான். எழுதனவன் படுத்துப் பாத்திருப்பானா?"

கடைக்காரர் நல்ல பருமன். கூச்சப்பட்டுக்கொண்டே வந்து ஓரத்தில் உட்கார்ந்தார். சட்டம் லேசாக முனகியது, தாங்கியது. இவர் கண்ணை மூடி அந்த முனகலைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டார்.

"வீட்ல சின்னப் பசங்களா?" என்று கேட்டேன்.

"ஒரே பையன்மா. இருவத்திநாலு வயசு."

பையன் பெயர் தினேஷ். பேச்சு கிடையாது. பசித்தால் தட்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்பான், அவ்வளவு தெரியும். ஆள் உயரம், அறுபத்தெட்டு கிலோ. பிறந்ததிலிருந்து ஏணையில் தூங்கியவன், அதை விட்டு வெளியே வரவேயில்லை. ஐந்து வயதில் பாயில் படுக்கவைத்துப் பழக்கப் பார்த்திருக்கிறார்கள். மூன்று நாள் கண் மூடாமல் சுவரில் தலையை இடித்துக்கொண்டே இருந்தானாம். நாலாம் நாள் அவன் அம்மா அழுதுகொண்டே மறுபடி புடவையைக் கட்டிவிட்டாள். புடவை போய் போர்வை வந்தது, போர்வை போய் கித்தான் வந்தது. கூரைக் கொக்கி மட்டும் வருஷத்துக்கு வருஷம் தடித்துக்கொண்டே வந்தது. அந்த அம்மா கொரோனாவில் போய்விட்டாள். அதற்குப் பிறகு இவர் வேலையை விட்டுவிட்டுப் பையனோடு வீட்டில் இருந்தார்.

வேலை, பஸ் டிப்போவில் பிரேக் பார்ப்பது. இருபத்தெட்டு வருஷம். புது லைனிங் போட்ட வண்டியை முதலில் இவர்தான் ஓட்டிக்கொண்டு போவார். டிப்போவைச் சுற்றி ஒரு சுற்று, பிறகு மெயின் ரோட்டில் கொஞ்ச தூரம். நாலு இடத்தில் மிதித்துப் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் வண்டி வெளியே போகாது, யார் கத்தினாலும் சரி. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டதா, இல்லை வீட்டில் இருந்த பழக்கத்தால்தான் அந்த வேலைக்குப் போனாரா, எனக்குத் தெரியாது.

அவர்கள் குடியிருந்தது சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சந்து. செவிலிமேட்டிலிருந்து நான் ஸ்கூட்டரில் வருகிற வழிதான். பழக்கமான பிறகு அவ்வப்போது நிறுத்தி எட்டிப் பார்ப்பேன். அவர் என்னைக் "கூரியர் தங்கச்சி" என்பார். நான் அண்ணா என்பேன்.

தினேஷுக்கு எது போனாலும் அதற்கு முன்னால் அவர் வழியாகத்தான் போகும். டீ என்றால் ஒரு வாய், சோறு என்றால் ஒரு கவளம். குளிக்கிற தண்ணீரில் கையை விட்டால் போதாது, ஒரு சொம்பு தன் தலையில் ஊற்றிக்கொள்வார். சலூனில் முதலில் இவர் உட்கார்ந்து வெட்டிக்கொள்வார், கத்தரி இழுக்கிறதா, அந்த ஆளுக்குக் கை நடுங்குகிறதா என்று பார்க்க. அதனால் அப்பாவும் பிள்ளையும் எப்போதும் ஒரே அளவு ஒட்ட வெட்டிய தலையோடு இருப்பார்கள். தினேஷின் வலிப்புக்குப் புது மாத்திரை எழுதிக்கொடுத்த அன்று ஒன்றை விழுங்கிவிட்டு வேலைக்குப் போய், பஸ்ஸுக்கு அடியில் பள்ளத்தில் தூங்கிப்போனதற்கு அவருக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். அதைப் பெருமையாகவே சொல்வார்.

ஒருமுறை எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் கல்யாண நாளுக்குப் பாயசம் வைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். தினேஷ் தட்டோடு வந்து நின்றான். இவர் டப்பாவைத் திறந்து முதல் கரண்டியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.

"ஏன்ணா, நான் இன்னா வெஷமா வச்சுக் கொண்டாந்திருக்கேன்?"

அவர் பதறிவிட்டார். "ஐயய்யோ, அதுக்கில்லம்மா. சூடுபட்டா அவனுக்குச் சொல்லத் தெரியாது. வயிறு வலிச்சாச் சொல்லத் தெரியாது. நான்தானே சொல்லணும்? எனக்குத் தெரிஞ்சாத்தானே நான் சொல்வேன்?"

அதன்பிறகு நான் கொண்டுபோனதை அவர் ருசி பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கோபத்தில் இல்லை.

அந்த ஏணை ஸ்டாண்டு வாங்க நேர்ந்த கதையையும் ஒருநாள் சொன்னார். தினமும் தினேஷை ஏற்றுவதற்கு முன்னால் ஏணையில் தான் படுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். ஒரு மதியம் அப்படிப் படுத்து இரண்டாவது முறை உடம்பைத் தூக்கிப் போட்டதும் கூரைப் பூச்சோடு கொக்கி பெயர்ந்து வந்துவிட்டது. முதுகுத்தண்டின் கீழ் எலும்பில் விரிசல். கொக்கி காதுக்குப் பக்கத்தில் விழுந்து தரையில் குழி பறித்திருந்தது. தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தன் முறைக்காகப் பக்கத்தில் நின்றிருந்தான் தினேஷ்.

"ஆஸ்பத்திரில ரெண்டு மாசம் குப்புறப் படுத்துக்கினு சிரிச்சுக்கினே இருந்தேன். நர்ஸம்மா எனக்குப் பயித்தியம்னே நெனச்சாங்க" என்றார்.

"ரெண்டு மாசம் தினேஷ யார் பாத்துக்கினது?"

"அப்ப அவங்க அம்மா இருந்தாளேம்மா" என்றார். பிறகு வேறு ஏதோ பேச ஆரம்பித்துவிட்டார்.

வாடகை வீட்டின் சொந்தக்காரர் இன்னொரு கொக்கி அடிக்கச் சம்மதிக்கவில்லை. தினேஷின் அம்மா போகும் வரை மாடிப்படிக் கம்பியில் கட்டி எப்படியோ ஓட்டியிருக்கிறார்கள். கடைசியில் யாரோ செல்போனில் இந்த ஸ்டாண்டைக் காட்ட, வரவழைத்தார்.

அது வந்த பிறகுதான் அவர்களுக்கு வீட்டைவிட்டு வெளியே ஓர் இடம் இருக்க முடிந்தது. பத்து வருஷமாக ஒரு ராத்திரிகூட வெளியில் தங்காதவர்கள். டிப்போ நண்பர் ஒருவரிடம் பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினார். பின் சீட்டை மடித்துவிட்டால் குழாய்கள் முன் சீட்டுக்கு நடுவே வரைக்கும் நீட்டிக்கொண்டு படுக்கும். தினேஷ் முன்னால் உட்கார்ந்து அதன் முனையைப் பிடித்துக்கொண்டே வருவான்.

அவர்கள் வெளியே போவது பெரும்பாலும் வைகாசித் திருவிழா நாட்களில். கருடசேவைக்கு நாலா பக்கத்திலிருந்தும் ஜனம் ஊருக்குள் வரும்போது இவர்கள் இரண்டு பேரும் ஊரைவிட்டுக் கிளம்புவார்கள். அதிர்வேட்டுச் சத்தம் கேட்டால் தினேஷ் காதைப் பொத்திக்கொண்டு தன் தோளையே கடிப்பான். முன்பெல்லாம் அந்தப் பத்து நாளும் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, விளிம்பெல்லாம் துணி திணித்து, உள்ளே கிடப்பார்களாம்.

ஒரு வருஷம் நானும் என் வீட்டுக்காரரும் அவர்களோடு போனோம். வாலாஜாபாத் தாண்டி ஓர் ஏரிக்கரை. பொட்டல், கருவேலம் தவிர மரமில்லை. காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, நாலு சக்கரத்துக்கும் கல் வைத்தார். மண்ணில் ஸ்டாண்டின் கால் புதையாமல் இருக்க பஸ் டயரில் வெட்டிய நாலு ரப்பர்த் துண்டுகள் வைத்திருந்தார். அவற்றைப் போட்டுச் சட்டத்தை மாட்டினார். காரின் பின்கதவைத் தூக்கிவிட்டு, அதிலிருந்து ஸ்டாண்டின் தலைக்கு ஒரு போர்வையை இழுத்துக் கட்டினார். நிழல் ஆயிற்று. பிறகு படுத்தார், வழக்கம்போல. ஒன்று, இரண்டு என்று நூறு வரை வாய்விட்டு எண்ணினார். தினேஷ் தலையணையோடு நின்று அந்த எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டிருந்தான். அறுபது, எழுபது வந்ததும் அவன் கால் நிலைகொள்ளாமல் ஆட ஆரம்பித்தது. நூறு என்றதும் இவர் இறங்க, அவன் ஏறினான்.

"நேரா படுத்தா முதுகு வளையும். கோணலா, குறுக்கால படுக்கணும். அத நானே படுத்துப் படுத்துக் கண்டுபிடிச்சேன்" என்று அவன் காலை ஓரமாகத் தள்ளிவைத்தார். ஒரு கையால் ஆட்டினார். கால் மணி நேரத்தில் அந்தப் பெரிய உடம்பு தளர்ந்து, வாய் திறந்து தூங்கியது.

மணல் அள்ள வந்தவர்கள் என்று நினைத்து ஒருவர் கம்போடு வந்தார். பக்கத்து நிலத்துக்காரர். "யாருயா அது, இங்க இன்னா பண்றீங்க?" என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தவர், ஏணையையும் அதில் தாடியோடு தூங்குகிறவனையும் பார்த்துக் குரலை இறக்கிவிட்டார். போய்விட்டு ஒரு குலை நுங்கோடு வந்தார். தினேஷ் எழுந்ததும் கொடுத்தோம். முதல் சுளை யாருக்குப் போனதென்று சொல்லவேண்டியதில்லை.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "எல்லாம் சரிணா. உங்களுக்கு அப்புறம் இவருக்கு?" என்று கேட்டுவிட்டார்.

ஆட்டிக்கொண்டிருந்த கை நின்றது. தினேஷ் கண்ணைத் திறந்தான். கை மறுபடி ஆட்டத் தொடங்கியது.

"அந்த வண்டிய மட்டும் எப்படி ஓட்டிப் பாக்கறதுன்னு தெரியல சார்" என்றார்.

இரண்டு வைகாசி அப்படிப் போயின. மூன்றாவது வருஷம் தை மாதம், ஒரு காலை பத்து மணிக்கு அவர் கவுண்டருக்கு வந்தார். கையில் பதினொரு கவர்கள். எல்லாம் காப்பகங்களின் முகவரிகள். கண் மஞ்சளாக இருந்தது. வெயிலில் வந்ததால் என்று நினைத்தேன்.

"ஈரல்ல வந்துடுச்சாம்மா. முத்திடுச்சாம். ஆறு மாசம், எட்டு மாசம்னு சொல்றாங்க" என்றார், கவர்களை என் பக்கம் தள்ளிக்கொண்டே. "எல்லாம் இன்னிக்கே போயிடுமில்ல?"

ஒவ்வொரு கவராக எடை போட்டேன்.

பதில்கள் வந்தன. பதினெட்டு வயதுக்கு மேல் எடுப்பதில்லை. வலிப்பு இருந்தால் எடுப்பதில்லை. கூடவே ஓர் ஆள் இருக்கவேண்டியவர்களை எடுப்பதில்லை. நாலு பேர் பதிலே போடவில்லை. ஒரே ஓர் இடம் மட்டும் அழைத்துக்கொண்டு வந்து காட்டச் சொன்னது. இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம்.

போனார். பார்த்தார். நிர்வாகி ஓர் அம்மா. அவரிடம் இவர் கேட்டது ஒன்றுதான்: தினேஷைச் சேர்ப்பதற்கு முன்னால் தன்னை மூன்று நாள் உள்ளே வைத்துக்கொள்ளவேண்டும். அங்கே இருக்கிறவர்களுக்குக் கொடுக்கிற கட்டில், அதே சாப்பாடு, அதே கக்கூஸ்.

"இது லாட்ஜ் இல்லிங்க" என்றிருக்கிறார் அந்த அம்மா.

இவர் வெளியே வந்து, கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் காரை நிறுத்தினார். ஸ்டாண்டை மாட்டினார். எட்டு நாள் அங்கேயே இருந்தார்கள், அப்பாவும் பிள்ளையும். காலையில் எத்தனை மணிக்கு விளக்கு போடுகிறார்கள், யார் குரல் எந்நேரம் கேட்கிறது, கத்துகிறவனிடம் எவ்வளவு நேரம் கழித்து ஆள் போகிறது, எல்லாவற்றையும் அங்கிருந்தே கவனித்தார். சமையல் செய்கிற பெண் இரக்கப்பட்டு இரண்டு வேளை தட்டில் சோறு கொண்டுவந்து கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரரும் போய்ப் பார்த்தோம். தண்ணீர் கேன், ஸ்டவ், கார்க் கண்ணாடிமேல் காயப்போட்ட துண்டு. மத்தியானம். தினேஷ் தலையணையோடு நின்றிருந்தான். இவர் ஏணையில் படுத்து எண்ணிக்கொண்டிருந்தார். துணி தொய்யவேயில்லை, அவ்வளவு இளைத்திருந்தார். நாற்பதோடு நிறுத்திவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"சார், நீங்க கொஞ்சம் படுங்களேன். நான் படுத்தா இப்ப ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தார். ஆகாயத்தைப் பார்த்தபடி நூறு வரை எண்ணினார்.

ஒன்பதாம் நாள் அந்த அம்மாவே கேட்டைத் திறந்துவிட்டு, "காலைல இருந்து சாயந்தரம் வரைக்கும் இருந்து பாத்துட்டுப் போங்க" என்றாராம். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. உள்ளே பதினாலு ஆண்கள், பார்த்துக்கொள்ள இரண்டே ஆட்கள், மூன்றாவது ஆளாக அந்த அம்மாவேதான் ஓடிக்கொண்டிருப்பார்.

அவர் உள்ளே இருந்த அன்று தினேஷோடு காரில் இருப்பதற்காக நான் லீவு போட்டுவிட்டு வந்தேன். சாயந்தரம் ஐந்தரை மணிக்கு வெளியே வந்தார். தண்ணீர் குடித்தார்.

"எப்படிணா இருக்குது?"

"கட்டில் இரும்பு. ஆடாது. பக்கத்துல ஒருத்தர் நாள் முழுக்க சொவத்தத் தட்டிக்கினு இருக்கார். சோறு பரவால்ல. ஒண்ணுக்குப் போவணும்னு ஒருத்தர் நின்னார், கூட்டிம்போக ஆள் வர்றதுக்குள்ள அங்கியே போயிட்டார். அதுக்கு யாரும் திட்டல. அது நல்லதுதான்." செருப்பிலிருந்த மண்ணைத் தட்டினார். "நான் மத்தியானம் படுத்தேன். தூக்கம் வரல."

"ஏணை போட உடுவாங்களா?"

"கேட்டேன். ஒருத்தனுக்குப் போட்டா பதினாலு பேரும் ஏறுவாங்க, கவுந்தா யாரு பதில் சொல்றதுன்னாங்க. நியாயந்தான். நானா இருந்தாலும் உட மாட்டேன்."

"அப்ப வேணாம்ணா. வேற பாக்கலாம்."

"வேற எது?" என்றார். என்மேல் கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்கிற மாதிரி கேட்டார். எங்கள் வீட்டில் இரண்டு அறை, மாமியார், வேலைக்குப் போகிற இரண்டு பேர். அவர் அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் இரண்டு பேரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம் என்று எனக்குத் தெரியும்.

"டிப்போவா இருந்தா இந்த வண்டிய நான் வெளியில உட மாட்டேன்" என்றார் கடைசியில்.

அடுத்த வாரம் சேர்த்தோம். அவரால் இனி ஓட்ட முடியாது என்பதால் என் வீட்டுக்காரர்தான் கார் ஓட்டினார். தினேஷின் துணிமணி ஒரு பையில், மாத்திரைகள் ஒரு டப்பாவில், எது பிடிக்கும் எது பிடிக்காது என்று எழுதிய நாலு பக்கம் தனியே. தாழ்வாரத்தில் அவனை உட்காரவைத்து, எதிரே தரையில் உட்கார்ந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நைனா, இங்க நான் படுத்துப் பாத்துட்டேன். நல்லா இருக்குது. உனக்கு ஒண்ணும் ஆவாது."

அவர் அவனிடம் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். தினேஷ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் பின்னால் கேட்டுக்கு வெளியே நின்ற காரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் கிளம்பியபோது எழுந்து, அது ஏதோ வழக்கமான பயணம் என்பது போல, எங்கள் பின்னாலேயே நடந்து வந்தான். ஓர் ஆள் ஓடி வந்து தோளைப் பிடித்து நிறுத்தினார். கார் திரும்புகிறவரை அவன் அப்படியே நின்றான். இவர் முன் சீட்டில் உட்கார்ந்து, இல்லாத குழாயைப் பிடித்திருக்கிற மாதிரி கையை மடக்கி வைத்திருந்தார். ஸ்டாண்டை அங்கேயே கொடுத்துவிட்டு வந்திருந்தார், என்றைக்காவது மனசு மாறினால் போடுவார்கள் என்று.

தினேஷ் பாயில் பழக மறுத்த கதை அங்கேயும் நடந்தது. நாலு நாள் தூங்கவில்லை, தலையை இடித்துக்கொண்டான். ஐந்தாம் நாள் டாக்டர் வந்து தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்ததாகப் போன் வந்தது. இவர் மாத்திரையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். எழுதிய சீட்டோடு மறுநாள் என்னிடம் வந்தார்.

"இது கடைல சும்மா குடுக்க மாட்டேங்கறான்மா. உனக்குத் தெரிஞ்ச மெடிக்கல்ல கேட்டுப் பாரு."

"எதுக்குணா?"

"அவனுக்கு உள்ள எப்படி இருக்குதுன்னு பாக்கணும்."

அவர் இருக்கிற நிலையில் அது அவரைக் கொன்றுவிடும் என்று சத்தம் போட்டேன். ஆபீஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரிம்மா, சரிம்மா" என்று போய்விட்டார். எங்கே வாங்கினாரோ தெரியாது. ஒரு வாரம் கழித்து நான் வீட்டுக்குப் போனபோது காலை பதினொரு மணிக்கும் படுக்கையில் கிடந்தார். நாக்கு குழறியது.

"தூக்கம் இல்லம்மா அது. முழிச்சுக்கினுதான் இருக்கோம். உடம்புதான் எழுந்துக்க மாட்டேங்குது. கூப்புடணும்னு தோணுது, வாய் வர மாட்டேங்குது." பிறகு, "அவனுக்கு ஏற்கெனவே வாய் இல்ல" என்றார்.

நான் எழுந்து சமையலறைக்குப் போய் கஞ்சி வைத்தேன். சூடு ஆறும்வரை அங்கேயே நின்றேன், அவர் எதிரில் அழக்கூடாது என்பதற்காக.

ஐப்பசி மழையில் போய்விட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாலை நேரம். கடைசி மூன்று நாள் நினைவில்லை. டிப்போ ஆட்கள் ஐந்தாறு பேர் வந்து எல்லாம் செய்தார்கள். கொள்ளி வைக்க ஒரு தூரத்துச் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்தார்கள். தினேஷை அழைத்து வரலாமா என்று ஒருவர் கேட்டார். பறைச் சத்தம் ஆகாது என்று நான்தான் வேண்டாமென்றேன். அது சரியா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பதினாறு நாள் கழித்து தினேஷைப் பார்க்கப் போனோம். அவனுக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்திருந்தேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வதென்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வாசலில் அந்தக் கறுப்புச் சட்டம் நின்றது. அதில் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. தினேஷ் உள்ளே கட்டிலில் நேராக, மல்லாந்து படுத்திருந்தான். கண் திறந்திருந்தது. நான் கொண்டுபோன பிஸ்கட்டைக் கையில் வைத்ததும் விரல்கள் மூடிக்கொண்டன, அவ்வளவுதான்.

"இப்ப நல்லாப் பழகிட்டான்மா. ஒரு தொந்தரவும் இல்ல" என்றார் அந்த அம்மா. உண்மையிலேயே நல்ல சேதி சொல்வதாக நினைத்துச் சொன்னார்.

"தினேஷ், அப்பா..." என்று ஆரம்பித்தேன். அவன் தலை திரும்பியது. நானாக அதை நினைத்துக்கொண்டேனோ என்னவோ, வாசல் பக்கம்தான் திரும்பியது. அதற்குமேல் என்னால் சொல்ல முடியவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மா ஒரு நோட்டைத் திறந்து என் போன் எண்ணைச் சரிபார்த்தார். உறவு என்ற இடத்தில் அத்தை என்று அண்ணா எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார்.

"நீங்க அவர் கூடப்பொறந்தவங்கதானே?"

"ஆமா" என்றேன்.

முதலில் மாதம் ஒருமுறை போனேன். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. மாமியாருக்கு இடுப்பு முறிந்த பிறகு அதுவும் நின்றது. காப்பகத்து எண் போனில் அவ்வப்போது வரும். சட்டை கிழிந்துவிட்டது, செருப்பு வேண்டும் என்பார்கள். அனுப்பிவைப்பேன். சில நாள் எடுக்காமல் விட்டுவிட்டு மறுநாள் நானே கூப்பிடுவேன்.

போன மாதம் அந்த எண் இரண்டு முறை வந்தது. இரண்டாவது முறைதான் எடுத்தேன். அந்த இடத்தை மூடுகிறார்களாம். கட்டடக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். எல்லோரையும் மதுரைக்கு அந்தப் பக்கம் வேறு ஒரு காப்பகத்துக்கு அனுப்புகிறார்கள், சொந்தக்காரர்கள் ஒப்புதல் கையெழுத்து வேண்டும் என்றார் அந்த அம்மா. அவர் குரலும் களைத்திருந்தது.

"அந்த இடம் எப்படிங்க இருக்கும்?"

"நானே பாத்ததில்லம்மா. நல்லா இருக்கும்னுதான் சொல்றாங்க."

"நாங்க வந்து கூட்டிக்கினு போய்..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் காத்திருந்தார். நான் முடிக்கவில்லை.

"திங்கக்கிழம காலைல வேன் கெளம்புது. அதுக்குள்ள அனுப்பிடுங்கம்மா."

படிவத்தைப் போனில் அனுப்பினார். ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, அங்கேயே ஸ்டூல்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். படம் எடுத்து அனுப்பியதும் ஒரு நிமிஷத்தில் கை கூப்பிய படம் ஒன்று பதிலாக வந்தது.

திங்கட்கிழமை காலை ஆறு மணியிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தேன். காப்பகத்து எண் வரவில்லை. எட்டரைக்கு மாமியாருக்கு இட்லி கொடுத்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பினேன்.